வெள்ளை எலிக்குக் கூண்டு: ஓட்டை சின்னதாக இருக்கட்டும், நிறைய இருக்கட்டும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு அம்மா கேட்ட கேள்விக்கு இது பதில். பையன் ஆசைப்பட்டான் என்று மூன்று வெள்ளை எலிகள் வாங்கி லவ் பேர்ட்ஸ் கூண்டில் விட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் இரண்டுதான் இருந்தன, மூன்றாவது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கிடைத்தது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று பழைய மீன் தொட்டியில் போட்டு, மேலே கண்ணாடியால் மூடி, ஒரு விரல் அளவு சந்து மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். எலி ஓடவில்லை, ஆனால் நாற்றம் தாங்கவில்லை என்று மாமியார் சொல்கிறார், ஒரு எலி தும்மவும் ஆரம்பித்துவிட்டது. தப்பிக்கவும் கூடாது, காற்றும் வர வேண்டும், முடிந்தால் வீட்டிலேயே செய்கிற மாதிரி சொல்லுங்கள் என்கிறார்.

அம்மா, முதலில் அந்தக் கண்ணாடி மூடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் கால் இன்ச் வெல்டு மெஷ் (கம்பிகள் சேரும் இடத்தில் பற்றவைத்த வலை) கொஞ்சம் வாங்கி, தொட்டியின் வாயை விட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் அதிகமாக வெட்டி, ஓரத்தைக் கீழே மடக்கி, தொட்டியின் மேல் தொப்பி மாதிரி உட்கார வைத்து, விளிம்பின் மேல் மரச்சட்டம் வைத்துக் கனம் ஏற்றுங்கள். நல்ல கூண்டு தயாராகும் வரை இது போதும். மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

பாதுகாப்பும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிரி என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஓட்டையை அடைத்தால் காற்று போச்சு, காற்று விட்டால் எலி போச்சு. உண்மையில் எலியைத் தடுப்பது ஒவ்வொரு ஓட்டையின் அளவு. காற்றைக் கொடுப்பது எல்லா ஓட்டைகளும் சேர்ந்த மொத்தப் பரப்பு. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஓட்டை ஒவ்வொன்றும் பொடிசாக, ஆனால் சுவர் முழுக்க இருந்தால் இரண்டுமே கிடைக்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு: பறவைக் கூண்டில் ஓட்டைகள் பெரிது, மீன் தொட்டியில் அந்த ஒரு விரல் சந்தை விட்டால் ஓட்டையே இல்லை.

கடையில் வெள்ளை எலி என்று விற்பது வீட்டுச் சுண்டெலியை மனிதர்கள் வளர்த்துப் பழக்கிய வகைதான். வளர்ந்தது 20 முதல் 40 கிராம் எடை இருக்கும், அவ்வளவுதான். தலை நுழைந்துவிட்டால் உடம்பு பின்னாலேயே வந்துவிடும், வயிறு பெரிதாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது. சாதாரண பென்சில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஏறக்குறைய 7 மி.மீ. தடிமன். பென்சில் நுழையும் எந்த இடைவெளியும் எலிக்கு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள், இளம் எலிக்கு அதைவிடக் குறைவே போதும். லவ் பேர்ட்ஸ் கூண்டில் கம்பிக்குக் கம்பி ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே இருக்கும், அதனால் அன்றைக்கு ஒன்று போனது ஆச்சரியமில்லை, இரண்டு தங்கியதுதான் ஆச்சரியம். கடையில் மெஷ் கேட்டால் முதலில் அரை இன்ச்சைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், பறவைக்கும் முயலுக்கும் அதுதான் ஓடுகிறது. அது வேண்டாம், கால் இன்ச் கேளுங்கள். கம்பியின் தடிமன் போக அதில் திறப்பு 6 மி.மீ.க்கும் கீழேதான் வரும்.

ஜன்னலுக்குப் போடும் கொசுவலை எந்த வகையாக இருந்தாலும் வேண்டாம். நைலானும் ஃபைபரும் ஒரு ராத்திரிக்குத் தாங்காது, அலுமினியக் கொசுவலையும் மெல்லிசு, மூலையில் கடித்துப் பிரித்துவிடும். எலிக்கு முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கடிப்பது அதற்குத் தேவை. ஆனால் வழவழப்பான தட்டைச் சுவரில் அதற்குப் பல் பதியாது, பல் பதிய ஒரு விளிம்பு வேண்டும். வெட்டிய ஜன்னலின் ஓரம், மூடியின் உதடு, தண்ணீர் பாட்டில் நுழைக்கப் போட்ட துளை, இவைதான் அது வேலை செய்கிற இடங்கள். விளிம்பு எதுவும் உள்பக்கம் தெரியாமல் உலோகத்தால் மறைத்துவிட்டால் பிளாஸ்டிக் பெட்டி கூட வருஷக்கணக்கில் தாங்கும்.

இனி மெஷ் என்ன உலோகம் என்பது. உள்ளூர்க்காரர்கள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கமோ கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கமோ குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, ஜன்னல் கிரில்லும் கேட்டும் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஜி.ஐ. மெஷ்ஷுக்கு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலைக்கு, உப்புக் காற்று ஒரு பக்கம், எலியின் மூத்திரம் இன்னொரு பக்கம். துரு பெரும்பாலும் கம்பிகள் சேரும் வெல்டு புள்ளியில்தான் முதலில் பிடிக்கிறது. அந்தப் புள்ளி விட்டால் கம்பி அறுந்த மாதிரி வெளியே தெரியாது, வலை அப்படியே முழுசாகத்தான் இருக்கும், ஆனால் கம்பி இரண்டு பக்கமும் நகரும், 6 மி.மீ. ஓட்டை இரண்டு சேர்ந்து 12 மி.மீ. ஓட்டை ஒன்றாகிவிடும். அதனால் ஜி.ஐ. போட்டிருந்தால் மாதம் ஒருமுறை கட்டைவிரலால் வலை முழுக்க, முக்கியமாகக் கீழ் வரிசையை, அழுத்திப் பாருங்கள். ஆடுகிற கம்பி இருந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். காசு இருந்தால் எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மெஷ் போட்டுவிடுங்கள், வீட்டுக்குள் வைக்கும் கூண்டுக்கு அது நன்றாக உழைக்கும். ஜி.ஐ.தான் முடியும் என்றால் புதுசாக வாங்கியதும் வினிகர் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள், மேலே தூளாகப் படிந்திருக்கும் துத்தநாகம் போய்விடும்.

சரி, காற்று. மீன் தொட்டியில் நாற்றம் வருவது சுத்தம் செய்யாததால் மட்டும் இல்லை. எலியின் மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை, ஈரமான படுக்கையில் வளரும் பாக்டீரியா அமோனியாவாக மாற்றுகிறது. காய்ந்த படுக்கையில் இது மெதுவாக நடக்கும், ஈரமானதில் வேகமாக நடக்கும். எலிக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். நம் கரையோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி அதைத் தாண்டித்தான் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணியே காய்வதில்லை. குளிர் நாடுகளில் கண்ணாடித் தொட்டியில் நன்றாக வளர்க்கிறார்களே என்று வீடியோவைப் பார்த்துச் செய்வதில் இதுதான் சிக்கல். அங்கே காற்று வறண்டது, மேலே திறந்திருந்தாலே தொட்டி காய்ந்துவிடும். இங்கே பக்கவாட்டில் காற்று ஓடினால்தான் காயும்.

நம் மூக்குக்குத் தெரிகிற அளவு அமோனியா வந்துவிட்டது என்றால், இருபத்து நான்கு மணி நேரமும் அந்தப் படுக்கையில் மூக்கை வைத்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு அது ஏற்கெனவே அதிகம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி நிறைய எலிகளிடம் சத்தமில்லாமல் இருக்கும். அமோனியா மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கியதும் அது தலைதூக்கும்: தும்மல், அப்புறம் காதருகே வைத்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் முதுகைக் குவித்து, முடி சிலிர்த்து உட்கார்ந்துவிடும். உங்கள் எலி தும்மல் நிலையில் இருக்கிறது என்றால் காற்றையும் படுக்கையையும் மாற்றிப் பாருங்கள். டிக் சத்தம் கேட்டாலோ, பக்கவாட்டில் விலா இழுத்து இழுத்து மூச்சு விட்டாலோ காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். மனிதர் மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். 30 கிராம் உடம்புக்கு அளவு கணிப்பது நம் வேலை இல்லை.

கூண்டு செய்ய நான் பரிந்துரைப்பது இரண்டு வழி.

சுலபமானது பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் பாக்ஸ். துணி போட்டு வைக்க வாங்குகிறோமே, மூடியோடு வரும் பெரிய பெட்டி, அதில் அடிப்பாகம் இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி கிடைக்கிற மாதிரி பெரிதாகப் பாருங்கள். மூன்று எலிக்கு நான் அதற்குக் கீழே போக மாட்டேன். அடியிலிருந்து ஆறு அங்குலம் வரை கைவைக்காதீர்கள், அது படுக்கை நிற்கும் இடம், நேராக அடிக்கும் காற்றையும் அது மறைக்கும். அதற்கு மேலே எதிரெதிர் நீளப் பக்கங்கள் இரண்டிலும் ஜன்னல் வெட்டுங்கள், சும்மா ஒரு உள்ளங்கை அளவுக்கு வெட்டாமல், ஓரத்தில் இரண்டு அங்குலம் மட்டும் விட்டு முழுசாக. மூடியிலும் அதே மாதிரி. வெட்டும் கோட்டின் மேல் முதலில் பேக்கிங் டேப் ஒட்டி, மூலைகளில் துளை போட்டு, ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடாது. சூடு காட்டி வெட்டுவதானால் மொட்டை மாடியில் வைத்து வெட்டுங்கள், அந்தப் புகை யாருக்கும் நல்லதில்லை.

மெஷ்ஷை உள்பக்கம் பொருத்துங்கள். நிறைய பேர் வெளியே பொருத்துகிறார்கள், பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் அறுத்த பிளாஸ்டிக் ஓரம் எலியின் பல்லுக்கு நேராக நிற்கும். உள்ளே பொருத்தும்போது ஜன்னலை விட எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் அதிகம் இருக்கட்டும், வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் பார்த்து மடக்கி அந்த ஓரத்துக்குள் அடக்கிவிடுங்கள், இல்லையென்றால் எலியின் கண்ணையும் பாதத்தையும் கிழிக்கும். 4 மி.மீ. போல்ட் நட், இரண்டு பக்கமும் அகலமான வாஷர், மூன்று அங்குலத்துக்கு ஒன்று. கேபிள் டை போடாதீர்கள், சூடான பசை மட்டும் போட்டு விடாதீர்கள், இரண்டையும் கடித்துவிடும். மூடியின் கிளிப் நாளாக நாளாகத் தளரும், நீளப் பக்கத்தில் நடுவே மூடி வளைந்து மேலே தூக்கும். அந்த நடு இடத்தில் விரலால் தூக்கிப் பார்த்து, பென்சிலை வைத்துப் பாருங்கள். நுழைந்தால் அங்கே ஒரு கொண்டி சேர்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி கொஞ்சம் செலவு, ஆனால் நீடிக்கும். அலுமினிய ஜன்னல் கதவு செய்யும் பட்டறைக்குப் போய் சதுர பைப்பில் ஒரு சட்டம் செய்யச் சொல்லுங்கள்: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். அடியில் ஆறு அங்குல ஆழத்தில் ஒரு தட்டு, எஸ்.எஸ். தகடாக இருந்தால் நல்லது. பின்பக்கம் மட்டும் தகடு அல்லது பி.வி.சி. போர்டு வைத்து அடைத்துவிடலாம், எலிக்கு ஒரு பக்கமாவது மறைவு இருந்தால்தான் பயமில்லாமல் இருக்கும். மற்றபடி முன்னும் இரண்டு பக்கமும் மேலும் மெஷ். கதவை முன்பக்கம் வையுங்கள். மேலிருந்து இறங்கும் கையைப் பருந்து என்றே அது நினைக்கும், முன்னால் வரும் கைக்குச் சீக்கிரம் பழகும். கீல் பக்கம்தான் சந்து விழும், அதனால் கதவு சட்டத்தின் மேல் படிந்து மூடுகிற மாதிரி அரை அங்குலம் அதிகம் வைக்கச் சொல்லுங்கள். ஒரு தாழ்ப்பாள் போதாது, மேலும் கீழும் ஒவ்வொன்று. பட்டறைக்காரரிடம் எலிக் கூண்டு என்று மட்டும் சொன்னால் பொறி என்று நினைத்துக்கொள்வார், எத்தனை மி.மீ. சந்து வரை பரவாயில்லை என்று பென்சிலைக் காட்டியே பேசிவிடுங்கள்.

பிளைவுட் வேண்டாம் என்பேன். மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பெயின்ட் அடித்தாலும் ஓரம் கடித்த இடத்தில் உறிஞ்சும், மழைக்காலத்தில் பூஞ்சை வரும். அடித்தளத்தில் மெஷ் போடுவதும் தப்பு. கழிவு கீழே விழுந்துவிடும் என்று கடைகளில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் கம்பி மேலேயே நடந்தால் உள்ளங்காலில் புண் வரும்.

கூண்டு முடிந்ததும், எலியை விடுவதற்கு முன், ஒரு சோதனை. கூண்டை வைக்கப் போகிற இடத்தில் வைத்து, உள்ளே எதுவும் போடாமல், ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் இருக்கும் பக்கமாக மெஷ்ஷுக்கு வெளியே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போய் எதிர்ப்பக்கம் மெதுவாக வெளியேறினால் சரி. உள்ளே போய்ச் சுழன்று மூலையில் தேங்கினால் அந்தப் பக்கம் இன்னும் திறக்க வேண்டும், அல்லது கூண்டைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தாலே சரியாகிவிடலாம். பிறகு நன்றாகத் துடைத்து, வாசனை போன பிறகே எலியை விடுங்கள். பயன்படுத்த ஆரம்பித்த பின் சோதனை இன்னும் எளிது: காலையில் கூண்டைக் கிளறுவதற்கு முன் படுக்கை மட்டத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள், மூத்திர மூலையில் ஒரு டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள். மூக்கு எரியக் கூடாது, பேப்பர் நனையக் கூடாது.

நாற்றம் பற்றி மாமியாரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். ஆண் எலிக்கு இயல்பாகவே ஒரு வாடை உண்டு, தன் இடம் என்று அடையாளம் வைக்கும் வாடை அது. கோபப்பட்டு ஒவ்வொரு நாளும் மொத்தக் கூண்டையும் பினாயில் போட்டுக் கழுவினால் அது பதறிப்போய் இன்னும் அதிகமாக அடையாளம் வைக்கும், நாற்றம் கூடத்தான் செய்யும். ஈரமான மூலையை மட்டும் தினமும் எடுங்கள். முழுசாக மாற்றும்போது கூடு கட்டிய பழைய காய்ந்த படுக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் போடுங்கள். மூன்றில் ஆண் எது பெண் எது என்றும் உடனே பாருங்கள். ஆண்கள் சேர்ந்திருந்தால் சண்டை, ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் 19 முதல் 21 நாளில் குட்டி, ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு, அதற்கு மேலும் போடும். கூட்டம் கூடினால் எந்தக் காற்றோட்டமும் பத்தாது. பெண்கள் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதுதான் எளிது.

படுக்கைக்கு மரவாடியில் கிடைக்கும் தூள் வேண்டாம், அந்தப் பொடியே தும்மலுக்குப் போதும். பைன், தேவதாரு மாதிரி வாசம் வரும் மரச்சீவலும் மூச்சுக்கு ஆகாது. பார்சல் வரும் அட்டைப்பெட்டியை மெல்லிய கீற்றாகக் கிழித்தது, அச்சடிக்காத வெள்ளைப் பேப்பர் துண்டு, வாசனை இல்லாத டிஷ்யூ, இதெல்லாம் கலந்து நாலைந்து அங்குலம் போட்டால் சுரங்கம் தோண்டி சந்தோஷமாக இருக்கும். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர் போன ஊர், மெருகு பூசாத சின்ன மண் கலயம் ஒன்று வாங்கிப் பக்கவாட்டில் கிடத்தி வையுங்கள். கோடையில் அதற்குள்தான் படுக்கும், மண் வெப்பத்தை இழுக்கும், ஈரத்தையும் கொஞ்சம் இழுக்கும். வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவி வெயிலில் போட்டால் ஆயிற்று.

கூண்டு வைக்கும் இடம் ஆள் புழங்கும் அறையாக இருக்கட்டும், ஆனால் சமையலறை வேண்டாம். மொட்டை மாடி அறையும் வேண்டாம். பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கொடுக்கும். பால்கனி கூடவே கூடாது: பூனை, காக்கை, மழைக்காலத்தில் சாரைப் பாம்பு, எல்லாவற்றையும் விட மோசம் வெளியிலிருந்து வரும் சுண்டெலியும் பெருச்சாளியும். அவை உள்ளே நுழைய வேண்டியதில்லை, கூண்டின் மேல் ஏறி மூத்திரம் போனாலே உண்ணியும் நோயும் வந்துவிடும். தீவனத்தை மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ஃபேனுக்கு நேர் கீழேயும் ஏசிக்கு நேர் எதிரேயும் வேண்டாம், அறையில் காற்று நகர்ந்தால் போதும்.

எறும்பு பலர் யோசிக்காத விஷயம். குட்டி போட்ட கூண்டில் செவ்வெறும்பு ஏறினால் குட்டி மிஞ்சாது. பழைய வீடுகளில் பலகார அலமாரியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதையே கூண்டு வைத்த மேசையின் கால்களுக்குச் செய்யுங்கள், தண்ணீரில் சோப்புக் கரைசல் கொஞ்சம் விட்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். எறும்பு சாக்பீஸ் கூண்டுக்குப் பக்கத்தில் கோடு போட வேண்டாம், அது பூச்சிமருந்து. கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், அந்துருண்டை, கற்பூரம் எதுவும் அந்த அறையில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வழக்கம் இருந்தால் அந்த நேரம் கூண்டை வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிடுங்கள்.

கத்திரி வெயிலில் அறை 30 டிகிரியைத் தாண்டினாலே எலிக்குச் சிரமம், அதற்கு வேர்க்காது. கூண்டுக்குள் ஒரு துண்டு மார்பிள் அல்லது டைல்ஸ் போட்டு வையுங்கள், அதன் மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஃபிரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மெஷ்ஷுக்கு வெளியே சாய்த்து வைக்கலாம், உள்ளே வைத்தால் வேர்த்து வடிந்து படுக்கை நனையும்.

கடைசியாக, புயல். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அந்த நேரத்தில் மூன்றடிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது. அதனால் பெரிய கூண்டு செய்யும்போதே மிஞ்சும் மெஷ்ஷை வைத்து, கைப்பிடியுள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் மூடியிலும் இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து ஒரு தூக்குப் பெட்டி செய்துவிடுங்கள், அதே போல்ட், அதே வாஷர். ஐப்பசி பிறந்ததும் அதில் காய்ந்த பேப்பர் படுக்கையும் ஒரு பிடி தீவனமும் போட்டு உயரமான இடத்தில் தயாராக வையுங்கள். போகும் வழியில் தண்ணீர் பாட்டில் குலுங்கி ஒழுகிப் படுக்கையை நனைக்கும், அதற்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் போட்டால் தாகத்துக்குப் போதும்.